ஒன்றரை வருடம் மாத்திரை, அசையாத ஹீமோகுளோபின்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குக் குமாரபாளையம் பக்கம். வீட்டோடு விசைத்தறி வைத்திருக்கிறோம். மகளுக்கு 23 வயது. கல்லூரியில் நடந்த முகாமில் ஹீமோகுளோபின் 10.1 என்றார்கள். அன்றிலிருந்து ஒன்றரை வருடமாக இரும்பு மாத்திரை போடுகிறாள். பீட்ரூட் சாறு, மாதுளை, பேரீச்சை, முருங்கைக்கீரை, வாரம் ஒரு நாள் ஆட்டுச் சுவரொட்டி எல்லாம் கொடுத்தாயிற்று. போன வாரம் பார்த்தால் 10.3தான். நடுவில் பிலிரூபின் 1.7 என்று வந்தது. காமாலை என்று பயந்து கீழாநெல்லியும் அரைத்துக் கொடுத்தேன். இப்போது நரம்பு வழியாக இரும்பு ஏற்றிவிடலாம் என்கிறார்கள். அவளோ நன்றாகத்தான் இருக்கிறேன் என்கிறாள். தை மாதம் என் அண்ணன் மகனுக்கே அவளைக் கொடுப்பதாகப் பேச்சு. பெண்ணுக்கு ரத்தம் கம்மி என்று அண்ணி வீட்டில் பேச்சு வந்துவிடுமோ என்று எனக்குத் தூக்கம் இல்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று அவளைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன். எனக்கும் இரண்டு பிரசவத்திலும் 9, 10 என்றுதான் இருந்தது. இளையவன் பன்னிரண்டாவது படிக்கிறான், அவனுக்கு இதுவரை பார்த்ததில்லை. ரிப்போர்ட் நகல்களை அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் மகளைத் திட்டுவதை நிறுத்துங்கள், அம்மா. அவள் ஒரு மாத்திரையைக்கூடத் தவறவிடாமல் விழுங்கியிருக்கலாம். மாத்திரை போட்டும் ஏறாமல் இருப்பதற்கான காரணம் ஒன்று நீங்கள் அனுப்பிய தாளிலேயே தெரிகிறது. நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதையும் பத்து நாள் தள்ளிப் போடச் சொல்லுங்கள். நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு 10.3 அவசரம் இல்லை. அதற்குள் இரண்டு பரிசோதனை செய்துவிடலாம்.

நான் 26 வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் டாக்டர். ஒரு கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது, நானும் தீர்மானிக்கவில்லை. ஆனால் இந்தத் தாள் ஒரு கேள்வி கேட்கிறது. ஒன்றரை வருடமாக யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

எல்லோரும் ரிப்போர்ட்டின் முதல் வரியைத்தான் பார்க்கிறார்கள். ஹீமோகுளோபின் 10.3, பெண்களுக்கு 12 இருக்க வேண்டும், அப்படியானால் இரும்பு மாத்திரை. அதோடு முடிந்தது. நீங்கள் அந்த வரிக்குக் கீழே இறங்குங்கள். சிவப்பணுக்களின் எண்ணிக்கை 5.6 மில்லியன், அதாவது 56 லட்சம் என்று இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு இது குறைவே இல்லை, கொஞ்சம் அதிகம்கூட. அதற்கும் கீழே எம்.சி.வி. 62. ஒரு சிவப்பணு சராசரியாக எவ்வளவு பெரியது என்பதற்கான அளவு அது. 80க்கு மேல் இருக்க வேண்டும். எம்.சி.எச். 18.4. ஒவ்வொரு அணுவுக்குள்ளும் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்று சொல்வது இது, 27ஆவது இருக்க வேண்டும். ஆக, உங்கள் மகளுக்கு அணுக்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ரொம்பச் சின்னது, வெளிறியது.

இரும்புச்சத்துக் குறைந்தாலும் அணுக்கள் சின்னதாகத்தான் ஆகும். ஆனால் அப்போது பெரும்பாலும் எண்ணிக்கையும் சேர்ந்தே விழும். எண்ணிக்கை விழாமல் அளவு மட்டும் இவ்வளவு சுருங்கியிருந்தால் வேறு ஒன்றை நினைக்க வேண்டும். அதற்கு ஓர் எளிய கணக்கு 1973 முதல் இருக்கிறது. எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 62ஐ 5.6ஆல் வகுத்தால் 11 வருகிறது. 13க்கு மேலே போனால் இரும்புக் குறைவாக இருக்கலாம், 13க்குக் கீழே வந்தால் தலசீமியா மைனராக இருக்கலாம் என்பது அந்தக் கணக்கு. இது தீர்ப்பு இல்லை, தவறிப்போகிற நேரமும் உண்டு. ஆனால் அடுத்து எந்தப் பரிசோதனை என்பதை இது சொல்லிவிடும்.

தலசீமியா என்ற பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம். மைனர் என்பது நோய் இல்லை. அதைப் புரிந்துகொள்ள ஹீமோகுளோபின் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிய வேண்டும். உங்கள் வீட்டில் தறி ஓடுவதால் எனக்கு விளக்குவது சுலபம்.

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின். அதில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று ஹீம் என்கிற சின்ன வளையம். அதன் நடுவில் ஒரே ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கும். சிவப்பு இந்த ஹீமிலிருந்து வருகிறது, நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடிப்பதும் அந்த இரும்புதான். இன்னொரு பங்கு குளோபின் என்கிற புரதச் சங்கிலிகள். ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு என நான்கு சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னி நிற்கும். ஒவ்வொரு சங்கிலிக்குள்ளும் ஒரு ஹீம் பொதிந்திருக்கும். இந்தப் பின்னல் எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிக்க மேக்ஸ் பெரூட்ஸ் என்ற விஞ்ஞானி கேம்பிரிட்ஜில் 1937இல் உட்கார்ந்தார். 1959இல்தான் அதன் உருவம் அவருக்குக் கிடைத்தது. 1962இல் நோபல் பரிசு வாங்கினார். ஒரே ஒரு பொருளைப் புரிந்துகொள்ள 22 வருடம்! அந்தப் பொருள் ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி இருக்கிறது.

இப்போது ஆல்ஃபாவை நீளவாக்கில் ஓடும் பாவு நூல் என்றும், பீட்டாவைக் குறுக்கே ஓடும் ஊடை நூல் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு, சாயம். பாவும் ஊடையும் சரியாக இருந்து சாயம் இல்லாவிட்டால் துணி வெளிறும், அதுதான் இரும்புச்சத்துக் குறைவு. சாயம் வாங்கி ஊற்றினால் சரியாகிவிடும். ஆனால் ஊடை நூலே பாதிதான் வருகிறது என்றால்? சாயத்தைத் தொட்டி தொட்டியாக ஊற்றினாலும் துணி கூடாது இல்லையா? பீட்டா தலசீமியா மைனரில் நடப்பது அதுதான். பீட்டா சங்கிலி செய்வதற்கான மரபணு நம் ஒவ்வொருவருக்கும் இரண்டு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. அதில் ஒன்று பழுதாக வந்திருந்தால் ஊடை குறைந்துபோகும். உடம்பு சும்மா இருக்காது. பெரிய சேலையாக நெய்ய முடியாததால், நிறையக் கைக்குட்டையாக நெய்து தள்ளும். அதனால்தான் 56 லட்சம் அணுக்கள், ஒவ்வொன்றும் சின்னதாக.

அந்தக் கைக்குட்டைகளை வைத்துக்கொண்டே ஒரு மனிதர் எண்பது வயது வரை நன்றாக வாழ முடியும். உங்கள் மகள் எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்வதை நம்புங்கள். பிறந்ததிலிருந்தே அவள் உடம்பு இந்த அளவுக்குப் பழகியிருக்கும். மைனர் உள்ளவரைக் கேரியர் என்றும் சொல்வோம். அவருக்குச் சிகிச்சை வேண்டாம், பத்தியம் வேண்டாம். படிக்கலாம், ஓடலாம், வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம்.

நீங்கள் கொடுத்த சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று ஊரே நம்புகிறது. பீட்ரூட்டின் நிறம் பீட்டாலைன் என்கிற வேறு சாயம். அதற்கும் ரத்தத்துக்கும் உறவே கிடையாது. மாதுளையின் சிவப்பு இன்னொரு குடும்பம். உண்மையில் ஹீமுக்கு நெருங்கிய சொந்தம் இலையின் பச்சைதான். பச்சையத்திலும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு வளையம் இருக்கிறது. நடுவில் இரும்புக்குப் பதில் மெக்னீசியம். நண்டு வேறு வழியில் போய்விட்டது. அதன் ரத்தத்தில் ஆக்சிஜனைப் பிடிப்பது செம்பு, அதனால் அது வெளிர் நீலமாகத் தெரியும். நிறத்தை வைத்துச் சத்தைக் கணக்குப் போட முடியாது என்பதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

சுவரொட்டி மட்டும் நிஜமான மருந்து. அது ஆட்டின் மண்ணீரல். வயதான சிவப்பணுக்கள் உடைக்கப்படும் முக்கியமான இடம் மண்ணீரல்தான். அந்த இரும்பு அங்கே தங்குகிறது. அதிலும் இறைச்சியில் ஹீமாக இருக்கும் இரும்பை நம் குடல் கீரையில் உள்ள இரும்பைவிட நன்றாக உறிஞ்சும். சோகைக்குச் சுவரொட்டி கொடு என்று எந்தப் பாட்டி முதலில் சொன்னாளோ, அவள் கண்ணால் பார்த்து அறிந்து சொல்லியிருக்கிறாள். கீரையும் நல்லதுதான். கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் அதன் இரும்பு கூடுதலாகச் சேரும், சாப்பிட்டவுடன் டீ குடித்தால் குறையும். எதையும் நிறுத்த வேண்டாம். பீட்ரூட்டும் காய் என்ற முறையில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஊடை நூலை எந்தச் சாப்பாடும் கூட்டாது.

அடுத்து அந்தப் பிலிரூபின். இடித்துக்கொண்ட இடத்தில் ரத்தம் கட்டினால் முதலில் கருநீலமாக இருக்கும், சில நாளில் பச்சை பூக்கும், அப்புறம் மஞ்சளாகி மறையும். கவனித்திருப்பீர்கள். தோலுக்கு அடியில் ஹீம் உடைவதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். வளையம் திறந்ததும் பச்சை நிற பிலிவெர்டின் வரும், அடுத்து அதுவே மஞ்சள் நிற பிலிரூபினாக மாறும். உடம்புக்குள்ளும் தினமும் இதுதான் நடக்கிறது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதன்பின் உடம்பு அதை உடைத்து இரும்பை எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பிலிரூபினாகக் கல்லீரலுக்கு அனுப்பும். சிறுநீரின் மஞ்சளும் மலத்தின் பழுப்பும் அதிலிருந்து வருபவை. தலசீமியா மைனரில் ஊடை குறைந்ததால் பாவு நூல் மிஞ்சிக் கிடக்கும். அது அணுவைச் சேதப்படுத்துவதால் சில அணுக்கள் மஜ்ஜையிலேயே உடைந்துபோகும். அதனால் பிலிரூபின் சிலருக்குக் கொஞ்சம் கூடித் தெரியும். நீங்கள் அனுப்பிய இன்னொரு தாளில் 1.7இல் 1.3 இன்டைரக்ட் வகை, அதாவது கல்லீரல் இன்னும் கையாளாத பிலிரூபின். கல்லீரல் என்சைம்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. கல்லீரல் கெட்டுப்போன காமாலை மாதிரி இது தெரியவில்லை. கீழாநெல்லிக்கு இங்கே வேலை இல்லை, நிறுத்திவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டிய பரிசோதனைகள். முதலாவது ஃபெரிட்டின். உடம்பின் இரும்புக் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லும். ஒன்றரை வருடம் இரும்பு கொடுத்து, கிடங்கை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காமல் நரம்பு வழியாக இன்னும் ஏற்றுவது எனக்குச் சம்மதம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். இரும்பு உடம்புக்குள் போவதற்கு வழி இருக்கிறது. குடல் ஒரு நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை உள்ளே விடும். ஆனால் கூடுதல் இரும்பை வெளியே தள்ள உடம்பில் வழியே கிடையாது. வாய் வழியாகக் கொடுக்கும்போது போதும் என்று குடல் கதவைச் சாத்தப் பார்க்கும். நரம்பு வழியாக ஏற்றினால் அந்தக் கதவே இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இரும்பு மாத்திரை கெட்டது என்று நான் சொல்லவில்லை. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதில் இரும்புக் குறைவுதான் பெரிய பங்கு. கர்ப்பிணிகள் யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தலசீமியா மைனர் இருக்கும் பெண்ணுக்கும் மாதவிடாயால் இரும்பு குறையலாம், அப்போது அவளுக்கும் மாத்திரை வேண்டும். எவ்வளவு நாள், எதற்காக என்று பார்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது பரிசோதனைக்குப் பெயர் எச்.பி.எல்.சி. ஹீமோகுளோபினிலேயே வகைகள் உண்டு. பெரியவர்களின் ரத்தத்தில் பெரும்பகுதி ஏ. ஏ2 என்ற வகை 2, 3 சதவீதம் இருக்கும். கருவில் இருக்கும் குழந்தைக்கான எஃப் என்ற வகை பெரியவர்களிடம் கொஞ்சமே மிஞ்சியிருக்கும். எச்.பி.எல்.சி. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அளந்து காட்டும். ஏ2 அளவு 3.5க்கு மேலே, பெரும்பாலும் 4 முதல் 6க்குள் வந்தால் பீட்டா தலசீமியா மைனர் என்று சொல்லலாம். கடுமையான இரும்புக் குறைவு இருந்தால் ஏ2 அளவு இறங்கி உண்மையை மறைத்துவிடும், அதனால்தான் ஃபெரிட்டினையும் கூடவே கேட்கிறேன். ஏ2 சரியாக இருந்து, இரும்பும் சரியாக இருந்து, அணுக்கள் மட்டும் சின்னதாகவே இருந்தால் ஆல்ஃபா பக்கம் குறை இருக்கலாம். அதை மரபணுப் பரிசோதனையில்தான் பார்க்க முடியும். அது அப்புறம்.

எச்.பி.எல்.சி. உங்கள் ஊர் லேப்பில் இல்லாவிட்டாலும் ரத்தம் எடுத்து வெளியே அனுப்புவார்கள். ஒரே ஒரு குழாய் ரத்தம்தான், வெறும் வயிறு தேவை இல்லை. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்போது தானம் கொடுத்தவரின் ரத்தத்தையும் சேர்த்துத்தான் அளப்போம்.

சரி, உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம் என்று நினைவு. ஏழு மாதக் குழந்தை ஒன்றின் ரத்தம் என் மேஜைக்கு வந்தது. ஹீமோகுளோபின் 4.2. கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, தலசீமியா மேஜர். ஊடை நூல் பாதியாகக்கூட இல்லை, அறவே இல்லை. பெற்றோர் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். தாயின் கர்ப்பகாலக் கோப்பை வாங்கிப் புரட்டினேன். ஒவ்வொரு மாதமும் ஹீமோகுளோபின் 9.4, 9.6, 9.3. ஒவ்வொரு பக்கத்திலும் வேறு வேறு கையெழுத்தில் ‘இரும்பு மாத்திரை தொடரவும்’. எம்.சி.வி. 63 என்று அச்சாகியே இருந்தது. அந்த ரிப்போர்ட்களில் ஒன்றில் கீழே இருந்தது என் கையெழுத்து. எண்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அவை என்ன சொல்கின்றன என்று ஒரு வரி எழுதவில்லை. அன்றிலிருந்து 70க்குக் கீழே எம்.சி.வி. வந்தால் எச்.பி.எல்.சி. பார்க்கவும் என்று எழுதாமல் நான் ஒரு தாளையும் வெளியே விட்டதில்லை.

அந்தக் குழந்தை இப்போது வேலைக்குப் போகும் இளைஞன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்கிறான். ஒரு பை ரத்தத்தோடு சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உள்ளே போய்விடும். வெளியேற வழியில்லாத அந்த இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதை இழுத்து வெளியே எடுக்கத் தினமும் மாத்திரை போடுகிறான். தைரியமான பிள்ளை. அவன் அம்மா ஒவ்வொரு முறையும் என் அறைக்கு வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார். என்றைக்கும் என்னைக் குறை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டார், “கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமா டாக்டர்?” செய்திருக்கலாம் என்றுதான் சொன்னேன். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கணக்கு இதுதான். கேரியர் ஒருவர், கேரியர் அல்லாத ஒருவரை மணந்தால் பிள்ளைகளுக்குத் தலசீமியா மேஜர் வராது. சில பிள்ளைகள் கேரியராக இருக்கலாம், அவ்வளவுதான். இருவருமே கேரியராக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு மேஜராக, நான்கில் ஒரு பங்கு எதுவும் இல்லாமல், பாதி வாய்ப்பு பெற்றோர் மாதிரியே கேரியராக. ஒரு குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பித்துவிடும் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு முறையும் சீட்டைப் புதிதாகத்தான் குலுக்குகிறோம்.

உங்களுக்கும் இரண்டு பிரசவத்திலும் 9, 10 என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் என் கண் நின்றது. மகளுக்கு இது உங்களிடமிருந்து வந்திருந்தால், உங்கள் அண்ணனுக்கும் இருக்கப் பாதி வாய்ப்பு. அவர் மகனுக்கு நான்கில் ஒரு பங்கு. அப்பா பக்கத்திலிருந்து வந்திருந்தால், உங்கள் அண்ணன் மகன் தெருவில் போகும் எவரையும் போலத்தான். இந்தியாவில் சராசரியாக நூற்றுக்கு மூன்று, நான்கு பேர் கேரியர். ஆகவே மகளோடு நீங்களும் அவள் அப்பாவும் ரத்தம் கொடுங்கள். அசலில், அதாவது சொந்தம் இல்லாத இடத்தில் கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று யாராவது சொல்வார்கள். வாய்ப்பு குறையும், இல்லாமல் போகாது. அசல் மாப்பிள்ளைக்கும் பார்க்கத்தான் வேண்டும். இது சிந்தி, பஞ்சாபிக்காரர்களின் வியாதி, நமக்கு வராது என்ற பேச்சையும் நம்பாதீர்கள். அவர்களிடம் கூடுதலாக இருப்பது உண்மை, நம்மிடம் இல்லை என்பது உண்மை இல்லை. ஹீமோகுளோபினின் இன்னொரு பரம்பரை மாற்றமான சிக்கிள் செல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அது முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது நம் நீலகிரியில், 1952இல், பழங்குடி மக்களிடம்.

அண்ணி வீட்டில் எப்படிச் சொல்வது? மறைக்காதீர்கள். நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், அடுத்தவர் வாய் வழியாகப் போக வேண்டாம். பெண்ணுக்கு ரத்தத்தில் குறை என்று தொடங்காதீர்கள். நம் குடும்பத்தில் இப்படி ஒன்று ஓடுகிறதா என்று டாக்டர் கேட்கிறார், எல்லோரும் ஒரே நாளில் பார்த்துக்கொள்வோம் என்று தொடங்குங்கள். அதுதான் உண்மையும்கூட. உங்கள் மூலமாக இது வந்திருந்தால் உங்கள் அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து வந்தது. அண்ணனுக்கும் அதே வீடு, அதே ரத்தம். ஒரு பெண்ணின் தலையில் மட்டும் இதை எப்படிக் கட்ட முடியும்? மாப்பிள்ளைப் பையனுக்கு முதலில் சாதாரண ரத்தப் பரிசோதனையும் எச்.பி.எல்.சி.யும் சேர்த்துப் பாருங்கள். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13க்கு மேல் இருந்துவிட்டால் யாரும் கீழே இறங்கிப் பார்ப்பதில்லை. கேரியரான ஆணுக்கு 13ஐ ஒட்டி இருந்து யாருக்கும் தெரியாமலே போய்விடுவது உண்டு.

பையனுக்கு இல்லை என்று வந்தால் தை மாதமே தாராளமாகக் கல்யாணம் வையுங்கள். இருவருக்கும் இருக்கிறது என்று வந்தால்? அப்போதும் கல்யாணம் கூடாது என்று சட்டமும் இல்லை, நானும் சொல்ல மாட்டேன். அது அந்த இருவரும் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டிய முடிவு. செய்துகொள்வதாக இருந்தால், கர்ப்பம் ஆவதற்கு முன்பே மரபணு ஆலோசனைக்குப் போய் இருவருக்கும் மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் என்று கண்டுபிடித்து வைத்துவிட வேண்டும். அது தெரிந்திருந்தால், கர்ப்பத்தின் 11ஆவது வாரத்தை ஒட்டி நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்து, குழந்தைக்கு மேஜர் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். தெரியாமல் ஐந்தாம் மாதம் ஓடி வந்தால் கஷ்டம். மேஜரோடு பிறந்த குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் மஜ்ஜை மாற்று செய்கிறார்கள். ஆனால் பொருந்தும் உடன்பிறப்பு அமைய வேண்டும், பணம் வேண்டும், குழந்தை பெரிய சோதனையைத் தாண்டி வர வேண்டும். கல்யாணத்துக்கு முன் ஒரு குழாய் ரத்தம் எவ்வளவோ மேல்.

சைப்ரஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே ஏழு பேரில் ஒருவர் கேரியர். 1970களில், பிறக்கும் தலசீமியாக் குழந்தைகளுக்கு ரத்தம் கொடுத்தே நாடு ஓய்ந்துவிடும் என்ற நிலை. கல்யாணத்துக்கு முன் இருவரும் பரிசோதனை செய்த சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று அங்கே தேவாலயமே கேட்க ஆரம்பித்தது. யார் கல்யாணத்தையும் தடுக்கவில்லை, சான்றிதழில் என்ன இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லவும் இல்லை. சில வருடங்களில் புதிதாகப் பிறக்கும் தலசீமியாக் குழந்தைகள் அநேகமாக இல்லாமலே ஆனார்கள். நம் ஊர்க் கல்யாணப் பேச்சிலும் இது ஒரு சாதாரண விஷயமாக வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இதைக் குறை என்று நினைத்துக் கூனிக் குறுகுவதற்கு முன் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மரபணு ஏன் உலகில் இத்தனை பேரிடம் தங்கியிருக்கிறது? ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற மரபியல் அறிஞர் 1949இல் ஒரு பதில் சொன்னார். மலேரியா அதிகமாக இருந்த ஊர்களில்தான் இது அதிகம், கேரியராக இருப்பவர்களை மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லை என்றார். பின்னாளில் வந்த ஆராய்ச்சிகள் அதற்கு வலுச் சேர்த்தன. அந்த ஹால்டேன் இந்தியாவுக்கே வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானார். உங்கள் மகளிடம் இந்த மரபணு இருந்தால், எங்கோ ஒரு தலைமுறையில் காய்ச்சலில் சாகாமல் பிழைத்த ஒரு பாட்டனோ பாட்டியோ கொடுத்துவிட்டுப் போனதாக இருக்கலாம்.

மைனர் என்று உறுதியானால், அந்த ரிப்போர்ட்டை லேமினேட் செய்து கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வாழ்நாள் முழுவதும் யாராவது ஒருவர் இரும்பு எழுதிக்கொண்டே இருப்பார்கள். கர்ப்பம் ஆனால் ஹீமோகுளோபின் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஃபோலிக் அமிலம் எவ்வளவு, இரும்பு வேண்டுமா என்பதை ஃபெரிட்டின் பார்த்து மகப்பேறு மருத்துவர் சொல்வார். பின்னாளில் சர்க்கரைக்காக எச்.பி.ஏ1சி பார்க்கும்போதும் சொல்ல வேண்டும். அது ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது. சிவப்பணுவிலேயே மாற்றம் இருப்பவர்களுக்கு அந்த எண் முன்பின்னாகக் காட்டலாம், அப்போது வெறும் வயிற்று அளவையும் சாப்பாட்டுக்குப் பின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கும் இது பொருந்தும்.

ரத்தம் கொடுக்கப் போகும் அன்று மகளின் பழைய தாள்களை எல்லாம் எடுத்துப் போங்கள், உங்கள் பிரசவக் கோப்பு பீரோவில் எங்காவது இருந்தால் அதையும். இளையவனையும் கூட்டிப் போங்கள், நீங்கள் கேரியர் என்றால் அவனுக்கும் பாதி வாய்ப்பு இருக்கிறது. அவனிடம் எதற்கு என்று சொல்லிவிட்டே கூட்டிப் போங்கள், பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைக்கு இது புரியும். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதுவரை இரும்பு மாத்திரையை நிறுத்தலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் எம்.சி.வி. 62, எண்ணிக்கை 56 லட்சம் என்ற இந்த இரண்டு எண்களையும் விரல் வைத்துக் காட்டுங்கள். காட்டினால் அவருக்கும் சட்டென்று தெரிந்துவிடும்.